ஆரோக்கியமான இருபத்து நான்கு பேர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மாலை மனித குலம் ஒரு முடிவுக்கு வந்தது. பி செல்களின் நிறம் நீலம்.

இந்த முடிவை எட்டப் பதினான்கு நாடுகளும் மூன்று மணி நேரமும் ஒரு தேநீர் இடைவேளையும் தேவைப்பட்டன. பச்சைக்கு ஆதரவு இருந்தது. ஆனால் பச்சையை ஏற்கெனவே கல்லீரல் குழு எடுத்துக்கொண்டுவிட்டது, அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை. நீலம் என்று ஆன பிறகு, எந்த நீலம் என்பதில் இரண்டு முகாம்கள் உருவாயின. கடைசியில் நடுவில் உள்ள நீலம் வென்றது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இது நான் இருந்து பார்த்த வரலாறு என்பதால் எழுதி வைக்கிறேன்.

மனித உடலில் எத்தனை வகைச் செல்கள் உண்டு என்று உலகத்துக்கு இன்னும் தெரியாது. எல்லாவற்றையும் வகைபிரித்து, பெயரிட்டு, ஒரு வரைபடமாகப் போடுவதுதான் வேலை. மூளைக்கு ஒரு குழு, தோலுக்கு ஒரு குழு, எங்களுக்கு ரத்தம். பி செல் என்பது ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகை. ஒரு செல் என்றால் திரையில் ஒரு புள்ளி. ஒரே குணமுள்ள புள்ளிகள் ஒன்றாகக் கூடி நிற்கும். அந்தக் கூட்டங்களுக்குப் பெயர் வைப்பது என் உத்தியோகம். இருபத்து நான்கு ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தம் எங்களிடம் இருக்கிறது. நாளை உலகத்தில் எந்த மூலையில் எந்த மருத்துவருக்குச் சந்தேகம் வந்தாலும், ஆரோக்கியம் என்றால் என்ன என்று இந்த இருபத்து நான்கு பேரோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

போன மாதம் இதே குழு இன்னொரு முடிவும் எடுத்தது. ஆண், பெண் வித்தியாசத்தைக் காட்டும் மரபணுக்கள் படத்தை இரண்டாக உடைக்கின்றன, பார்க்க நன்றாக இல்லை, ஆகவே அவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது என்று. அதற்குப் பத்து நிமிடம் ஆனது.

வீட்டுக்காரரிடம் நீலத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் மேற்பார்வையாளர்.

“ஸ்கூல் யூனிஃபார்முக்குக்கூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்க” என்றார்.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் வந்திருந்தாள். வாசலிலேயே என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“அண்ணி, என்ன டயட்டுன்னு எனக்கும் சொல்லுங்க. கன்னமெல்லாம் இறங்கி, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு.”

“சர்வதேச ஒத்துழைப்பு” என்றேன்.

“அதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்துக்கணுமா, அப்புறமா?”

மார்ச் 10, திங்கள்

நீலம் அடித்த பிறகு முதல் முறையாக எல்லாப் படங்களையும் சுவரில் வரிசையாகப் போட்டோம். ஆளுக்கு ஒரு படம். நீலம் ஒவ்வொன்றிலும் ஓரமாக, ஒரு சிறு தீவாக இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தது, பதினேழாம் எண்ணைத் தவிர. பதினேழில் நீலம் கண்டம் மாதிரி கிடக்கிறது. மற்ற செல்களெல்லாம் கரையோரம் ஒதுங்கி நிற்கின்றன. வண்ணம் போடும் மென்பொருள் வழக்கம்போல் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். நாளை பார்க்க வேண்டும்.

பதினெட்டாம் எண்ணை அட்டைப்படத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். “ஒவ்வொரு செல்லும் இருக்க வேண்டிய இடத்துல, இருக்க வேண்டிய அளவுல இருக்கு. ஆரோக்கியத்துக்கு இதுதான் இலக்கணம்” என்றார் தலைவர். எண்ணுக்கு எதிரே உள்ள விவரம்: பெண், நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயது, எங்கள் மையம்.

கொடையாளர் யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் எங்கள் மையம் அனுப்பியது ஆறு பேரின் ரத்தம். கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டினோம். ஆறு மாணவர்கள் வருவதாகச் சொல்லி நான்கு பேர் வந்தார்கள். இயந்திரத்தைத் தயார் செய்தாயிற்று, ரசாயனங்களைத் திறந்தாயிற்று, இனி மூடி வைத்தால் கெட்டுவிடும். இந்த மாதிரி நேரத்தில் உலகத்தின் எல்லா ஆய்வகங்களிலும் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது: கையருகே இருந்தவர்கள் சட்டைக் கையை மடித்தார்கள். ஒன்று நான். இன்னொன்று எதிர் மேஜைக்காரர், நாங்கள் தராசு என்று பெயர் வைத்திருப்பவர். எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார்கள், ‘வரைபடத்தில் நானும் இருக்கிறேன்’ என்று அச்சடித்து.

ஆகவே பதினெட்டாம் எண் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். அந்தப் படத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஓர் ஒழுங்கு!

மார்ச் 11, செவ்வாய்

மென்பொருள் கொட்டவில்லை.

நிதானமாக எழுதுகிறேன். பி செல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முத்திரை வைத்திருக்கும். ஆயிரம் செல்களைப் பிடித்தால் கிட்டத்தட்ட ஆயிரம் முத்திரைகள் இருக்க வேண்டும். விதவிதமான கிருமிகளை எதிர்கொள்ள உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. பதினேழாம் எண்ணின் நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி முத்திரையைக் காட்டச் சொன்னேன். எல்லாம் ஒரே முத்திரை. ஊர்வலத்தில் வருகிற அத்தனை பேரும் ஒரே முகத்தோடு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. எங்கோ ஒரே ஒரு செல் நிறுத்தத் தெரியாமல் தன்னையே நகலெடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பெயர் உண்டு. நான் வைத்த பெயர் அல்ல. ரத்தப் புற்று, மெதுவாக வரும் வகை.

ஆரோக்கியமானவர்கள் பட்டியலில்.

மார்ச் 12, புதன்

மறுபடி பார்த்தேன். அதேதான்.

மார்ச் 13, வியாழன்

குழுவின் வீடியோக் கூட்டத்தில் சொன்னேன். படத்தைப் போட்டு, முத்திரைகளைக் காட்டி, பெயரையும் சொன்னேன். யாரும் பேசவில்லை. அதிர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேருக்கு மைக் வேலை செய்யவில்லை, மூன்றாமவர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த மூன்றாமவர்தான் முதலில் பேசினார்.

“இருபத்து நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்குன்னா, இது அபூர்வ வகை. புது வகைன்னே சொல்லலாம். மேடம், வாழ்த்துகள்!”

நான்கு நாடுகள் கைதட்டும் படம் அனுப்பின.

நோய் என்று மறுபடி சொன்னேன். நோய்களை வரைவது எங்கள் குழுவின் வரம்பில் இல்லை, அதற்கு வேறு குழு இருக்கிறது என்று செயலாளர் நினைவூட்டினார். அப்படியானால் பதினேழை எடுத்துவிடலாமே என்றேன். பணம் கொடுப்பவர்களிடம் இருபத்து நான்கு என்று சொல்லியாயிற்றாம். இருபத்து மூன்று என்பது, செயலாளரின் வார்த்தைகளில், “ஏதோ ஆன மாதிரி இருக்கும்”.

சரி, அந்த ஆளிடமாவது சொல்ல வேண்டாமா? வேண்டாமாம். ‘முடிவுகளை எனக்குத் தெரிவிக்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் இருபத்து நான்கு பேருமே டிக் செய்திருக்கிறார்கள். ஏன் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் செய்தேன். டிக் செய்யாவிட்டால் இன்னும் இரண்டு பக்கம் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“சார், அது ஒரு மனுஷன் சார்” என்றேன்.

தலைவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். “மனுஷன்னு சொல்லாதீங்க மேடம். பதினேழுன்னு சொல்லுங்க. இல்லேன்னா நம்மால வேலை பார்க்க முடியாது.”

புதிய வகையின் பெயர்: விரிவடைந்த பி செல். ஒருமனதாக நிறைவேறியது. நிறம்: அதே நீலம், சற்று வெளிறியது.

மார்ச் 14, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டுக்காரரிடம் முழுவதையும் சொன்னேன். இரண்டாவது வாயோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. இந்தக் கூட்டம் யாருக்குத்தான் பசியை விட்டு வைக்கும்?

“எங்க வேலைல லிஃப்ட்ல சத்தம் வந்தா நிறுத்திட்டுத்தான் மறு பேச்சு. நீங்க சத்தத்துக்குப் பேர் வச்சுட்டு வந்திருக்கீங்க.”

“நான் மட்டுமா வச்சேன்?”

“பதினாலு நாடு சேர்ந்து வச்சா பேர் பெருசா இருக்கும். லிஃப்ட் விழாம இருக்குமா?”

தட்டை அவர் பக்கம் தள்ளினேன். தட்டில் மீதி இருந்ததை அவரே சாப்பிட்டார்.

மார்ச் 17, திங்கள்

இன்றுதான் பதினேழின் விவரத்தைத் திறந்தேன். அதுவரை திறக்காமல் இருந்ததற்குக் காரணம் விதி. திறந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை.

எங்கள் மையம். நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து. ஆண்.

தராசு.

எதிர் மேஜையில் உட்கார்ந்து பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் காலத்தில் மை போடும் பேனா! எதையும் எடை போடாமல் பேச மாட்டார் என்பதால் அந்தப் பெயர். வெளியே மழையா என்று கேட்டால் ஜன்னல் வரை போய், கையை நீட்டிப் பார்த்து, “இந்த ஜன்னல்ல இருந்து பார்த்த வரைக்கும், ஆமா” என்பார். பதினோரு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். சைக்கிளில் வருகிறார். சர்க்கரை போட மாட்டார். அவருக்கா?

என்ன செய்வது? சொல்லக் கூடாது. சொல்லாமல் எதிரே உட்கார்ந்து அவருக்குள் இருப்பதற்குப் பெயர் வைக்கலாம், அதற்குத் தடை இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

விதியை மீறாமல் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முயன்றேன்.

“சார், ஒரு ப்ளட் டெஸ்ட் எடுத்துப் பார்க்கக் கூடாதா?”

“ஏன்?”

“சும்மாதான். வயசாகுது இல்ல?”

“உங்களுக்கும்தான் ஆகுது.”

“நானும் எடுக்கறேன்.”

“அப்ப நீங்க எடுத்துட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதை வச்சு நான் யோசிக்கறேன்.”

மாலையில் கேட்டார்: “மேடம், நான் ஏதாவது சோர்வா தெரியறேனா?” இல்லை. ரோஜாப்பூ மாதிரிதான் இருக்கிறார். அதுதான் இந்த நோயின் அக்கிரமம். வெளியே ஒன்றும் தெரியாது. இப்படித் தளதளவென்று இருக்கிற ஆளுக்குள்— எழுத முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று மூன்று நாடுகளோடு வெளிறிய நீலம் போதுமான அளவு வெளிறியிருக்கிறதா என்று பேசினேன்.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

குளிர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். சுற்றி வளைக்கவில்லை. பதினேழு, எங்கள் மையம், வயது, ஆண், முத்திரை. அவரும் இதே துறை. கடைசி வார்த்தையை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கை இரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“எவ்ளோ உறுதி?”

“முழுசா.”

“தெரிவிக்க வேண்டாம்னு டிக் பண்ணியிருந்தேனே.”

“பண்ணியிருந்தீங்க.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

 அவரிடம் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கதவருகே போய்த் திரும்பி, “வீட்ல இப்ப சொல்லணுமா, டெஸ்ட்டுக்கு அப்புறமா?” என்றார். அவர் யோசனை கேட்டு நான் பார்த்ததே இல்லை.  

மார்ச் 25, செவ்வாய்

எதிர் மேஜை காலி. மூன்று நாள் விடுப்பு. பேனாவை மூடாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூடி வைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் ஒருவேளை புரியும்.

காலையில் தராசு வந்தார். கோட்டைக்கூடப் போடவில்லை. என் மேஜையில் ஒரு காகிதத்தை வைத்தார். சாதாரண ரத்தப் பரிசோதனை அல்ல, செல் வகை பார்க்கிற பரிசோதனை. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றுமில்லை அவருக்கு. நகல் செல் ஒன்றுகூட இல்லை.

“மூணு நாள்” என்றார். “மூணு நாள் என் பொண்டாட்டி அழுதுக்கிட்டே இருந்தா. இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே இருக்குன்னு பொண்ணுகிட்ட காட்டிக் கொடுத்தேன். முழு உறுதின்னு சொன்னீங்க மேடம்!”

பதினோரு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து இன்றுதான் கேட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. திட்டுங்க சார், இன்னும் நல்லாத் திட்டுங்க என்று நான் சொல்ல, அவர் நிறுத்திவிட்டார். எடை போட ஆரம்பித்துவிட்டார்.

“பதினேழு நான் இல்லேன்னா, பதினேழு யாரு?”

அந்த வயதில் எங்கள் மையத்தில் வேறு ஆண் இல்லை. மற்ற நால்வரும் மாணவர்கள். இருவருமாகக் கழித்தல் செய்யாத பழைய தரவைத் திறந்தோம். ஆண்-பெண் மரபணுக்கள் இன்னும் இருக்கும் தரவு. ஆணின் செல்லில் ஒய் குரோமோசோமின் மரபணுக்கள் பேசிக்கொண்டே இருக்கும். பெண்ணின் செல்லில் அந்தப் பேச்சே இருக்காது. இரண்டு எக்ஸில் ஒன்றைத் தூங்கவைக்கும் மரபணு மட்டும் விழித்திருக்கும். இது முதல் வருடப் பாடம். முதல் வருட மாணவன் முதல் நாள் செய்யும் சரிபார்ப்பு. பதினான்கு நாடுகளில் ஒருவரும் செய்யவில்லை, ஏனென்றால் சரிபார்க்க வேண்டியதைப் படம் அழகாக இருக்க வேண்டும் என்று நாங்கள் கழித்துவிட்டிருந்தோம்.

பதினேழாம் எண்ணில் ஒய் இல்லை. ஒரு செல்லில்கூட இல்லை.

தராசு அடுத்ததாகப் பதினெட்டைத் திறந்தார். எல்லாச் செல்லிலும் ஒய்.

அப்புறம் வரிசையாக ஆறையும் திறந்தார். பதினைந்தில் இருக்க வேண்டியது இருபதில். பதினாறில் இருக்க வேண்டியது பத்தொன்பதில். “தட்டு” என்றார் மெதுவாக. “தட்டைத் திருப்பி வச்சுட்டாங்க.” ஆறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கும், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரிய. அதைப் பார்க்காமல் இயந்திரத்துக்குள் தலைகீழாகத் தள்ளினால் முதலாவது கடைசியாகும், கடைசி முதலாகும். நடுவில் இருக்கும் இரண்டும் இடம் மாறும்.

நடுவில் பதினேழும் பதினெட்டும்.

“அப்ப அட்டைப்படத்துல இருக்கறது நான்” என்றார் தராசு. “அப்ப பதினேழு—”

முடிக்கவில்லை. முடிக்காமல், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

நான்.

மார்ச் 29, சனி

நேற்று வேலைக்குப் போனேன் போலிருக்கிறது. பேருந்து டிக்கெட் பையில் இருக்கிறது.

முழங்கைக்கு மேலே சட்டையை மடித்துப் பார்த்தேன். எதைப் பார்க்க? பதினெட்டைப் பார்த்து எப்படிப் பூரித்துப்போனேன். அப்படி ஓர் ஒழுங்கு! தராசின் ஒழுங்கு அது, வேறு யாருடையதாக இருக்கும்? தராசின் கன்னத்தைத் தினமும் உற்றுப் பார்த்தேனே, பாவி, என் கன்னத்தை ஒருநாள் பார்த்தேனா? நாத்தனார் பார்த்தாள். டயட் கேட்டாள். பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு, நல்லதுதானேன்னு இருந்துட்டேன். ரெண்டு வாய்க்கு மேல இறங்கல, கூட்டத்துமேல பழி போட்டேன். ரத்தம்தான் என் உத்தியோகம். ஊரார் ரத்தம்.

மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பதினேழு நான்தான்.”

“எந்தப் பதினேழு?”

“நீங்க சொன்னீங்களே, சத்தம் வர்ற லிஃப்ட்.”

குழாயை மூடவே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஈரக் கையோடு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எங்கேயாவது வலிக்குதா, நிஜமா சொல்லு” என்றார். இல்லை என்றேன். பிறகு அவர், “அந்தத் தலைவன் நம்பரைக் குடு” என்றார். கொடுக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் போய்க் குழாயை மூடினோம்.

ஏப்ரல் 2, புதன்

ரத்தநோய் மருத்துவர் என்னைவிடச் சிறியவள். கழுத்தைத் தொட்டாள், அக்குளைத் தொட்டாள், இடது விலாவுக்குக் கீழே அழுத்தினாள். மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம்.

“எத்தனை மாசமா இளைக்கிறீங்கம்மா?”

“கேக்கறவங்ககிட்ட எல்லாம் டயட்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“வீட்ல யாரும் கவனிக்கலையா?”

“பாராட்டினாங்க.”

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

மெதுவாக வரும் வகைதான். ஆனால் அது என்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்திருக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் கட்டம் தாண்டிவிட்டது, மாத்திரை தொடங்க வேண்டும் என்றாள். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம் என்றும் சொன்னாள். எந்த டெஸ்ட்டில் தெரிந்தது என்று கேட்டாள்.

“டெஸ்ட் இல்ல. ஒரு வரைபடத்துல.”

“ஆரோக்கியமானவங்களோட வரைபடம்னு ஒண்ணு வருதாமே, அதோட உங்க ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கணும்னு நினைச்சேன். அது எப்ப வெளிவரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு திரும்பியது, அட்டைப்படத்தில் பெண் என்று போட்டிருப்பது ஆண், விரிவடைந்த பி செல் என்பது புதிய வகை அல்ல, நோய், அது என்னுடையது. இந்த முறை மைக் எல்லாம் வேலை செய்தன.  ஒரு நாட்டில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனது கேட்டது.

போன தடவை வாழ்த்துச் சொன்னவர் தன் முகம் தெரியாமல் திரையை மூடிக்கொண்டார்.

கடைசியில் செயலாளர் தொண்டையைச் செருமினார். அதிர்ச்சி அளிக்கிறது என்றார். எது என்று யாரும் கேட்கவில்லை. கொடையாளர் ஒருவரின் அடையாளம் வெளிப்பட்டிருப்பது, என்றார்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் தனியாக அழைத்தார். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார். நான் பதினேழு என்று அவரால் சொல்ல முடியவில்லை, முயன்றார். “உங்களை மனுஷின்னு நினைச்சு அன்னிக்கு நான் பேசல” என்றார். அவர் சொல்ல வந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை சார் என்றேன். “அட்டைப்படத்தை மட்டும் வச்சுக்கலாமா? அச்சுக்குப் போயிடுச்சு” என்றார். தராசைக் கேட்கச் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு கடிதங்கள், ஒரே தபாலில், ஒரே செயலாளரிடமிருந்து.

முதலாவது என் உத்தியோகப் பெயருக்கு. பதினேழாம் எண் கொடையாளரின் அடையாளத்தை உரிய அனுமதியின்றிக் கண்டறிந்து, அவருடைய விருப்பத்துக்கு மாறாக அவருக்கே தெரிவித்ததற்கு விளக்கம் தர வேண்டும்.

இரண்டாவது ‘மதிப்புக்குரிய கொடையாளருக்கு’. தங்களுடைய அந்தரங்கம் மீறப்பட்டதற்கு ஆழ்ந்த வருத்தம். மீறியவர்மீது நடவடிக்கை எடுக்கத் தாங்கள் விரும்பினால் இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும். தங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, இரண்டு வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“புகார் குடுக்கப் போறியா?”

“அந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாதே.”

முதலாவதற்கு விளக்கம் எழுதினேன்: கொடையாளர் எனக்கு நெருங்கியவர், அவருக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டாவதற்கும் பதில் எழுதினேன்: மீறியவர்மீது எனக்குப் புகார் இல்லை, நல்லவேளை மீறினார். கையெழுத்து இரண்டிலும் ஒன்றாகத்தான் வந்தது. மாற்றிப் போட முயன்றும் வரவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

தராசு தன் கோப்பையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“இது உங்களுது. உங்களுது என்னுது. தட்டு மாறிடுச்சு இல்ல?”

“ரெண்டுலயும் ஒரே வாசகம்தான சார்?”

ஜன்னல் பக்கம் பார்த்தார். வெகுநேரம் எடை போட்டார். “இப்ப பார்த்த வரைக்கும், ஆமா” என்றார்.

அன்றைக்குக் குளிர் அறையில் அவர் கேட்ட கேள்விக்கு இன்று அவரிடமே பதில் கேட்டேன். அப்புறம் ஏன் சொன்னீங்க என்று கேட்டீர்களே, நான் சொல்லாமல் இருந்திருந்தால்? “நான் டெஸ்ட் எடுத்திருக்க மாட்டேன்” என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் போகவில்லை. அவர் பேனாவுக்கு மை போட்டார். நான் விடுப்பு விண்ணப்பம் எழுதினேன்.

மே 6, செவ்வாய்

மாத்திரை மூன்றாவது வாரம். வாயெல்லாம் கசப்பு. நாத்தனார் வந்தாள். இந்த முறை சுற்றி வந்து பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் என் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் டயட்டான்னு கேட்டேனே அண்ணி. வாயில அடிச்சுக்கணும்.”

“நீ ஒருத்திதான் கவனிச்ச. மத்தவங்க அதுவும் பண்ணல.”

“அப்ப கொஞ்சம் சாப்பிடுங்க” என்று ஊட்டிவிட ஆரம்பித்தாள். ஐம்பது வயதில் ஒருத்தி எனக்கு ஊட்டிவிடுகிறாள். நான்காவது வாயும் இறங்கியது.

ஜூன் 12, வியாழன்

வரைபடத்தின் முதல் பதிப்பு இன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பதினான்கு நாடுகளில் ஒரே நேரத்தில். பி செல்களின் நிறம் நீலம். அட்டைப்படத்துக்குக் கீழே ‘ஆண்’ என்று திருத்தியிருக்கிறார்கள். விரிவடைந்த பி செல் என்ற பெயர் நீக்கப்பட்டிருக்கிறது. எண்கள் பதினாறிலிருந்து நேராகப் பதினெட்டுக்குப் போகின்றன.

ஆரோக்கியமானவர்கள்: இருபத்து மூன்று பேர்.